தோளும் முதுகும்: கரும்பலகை முன் நிற்பவர்களுக்கு ஒரு பாடம்

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தலுக்கு அடியில் வேலை நடப்பதை நம்மில் பலர் பள்ளிக்குப் போகும் வழியில் தினமும் பார்க்கிறோம். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே போட்ட பந்தல். கவாத்து வெட்டுவது, கொடியைக் கம்பியில் கட்டுவது, கொத்தில் சொத்தைப் பழம் நீக்குவது, அறுப்பது என எல்லா வேலையும் அண்ணாந்த தலையோடும் தூக்கிய கையோடும்தான். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சைக்கு ஒரே பருவம் கிடையாது. ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுப்பு இருந்துகொண்டே இருக்கும். ஆகவே அந்தத் தோள்களுக்கும் ஓய்வுப் பருவம் என்று ஒன்று இல்லை.

அதே போல் கையைத் தூக்கிக் கரும்பலகையின் மேல்விளிம்பில் தேதியும் தலைப்பும் எழுதுகிறவர்கள் நாம். பிறகு குனிந்து நோட்டுத் திருத்துகிறோம். எண்ணும் எழுத்தும் வகுப்பு என்றால் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு குழுவுக்கும் எழுந்து நகர்ந்து மறுபடி உட்காருகிறோம். மாலையில் இருசக்கர வண்டியில் மேடு பள்ளம் பார்த்து வீடு திரும்புகிறோம். இருபது ஆண்டு பணி முடித்தவர்கள் கூடும் ஆசிரியர் அறையில் சம்பளத்துக்கு அடுத்தபடியாகப் பேசப்படும் விஷயம் வலியாகத்தான் இருக்கும். ‘ஜவ்வு விலகிவிட்டதாம்’, ‘எலும்பு தேய்ந்துவிட்டதாம்’, ‘கையை மேலே தூக்க முடியவில்லை, பின்னால் கொண்டுபோக முடியவில்லை.’

இந்தக் கட்டுரை அந்தப் பேச்சுக்காகத்தான். வலி ஏன் வருகிறது, ஏன் போகாமல் தங்குகிறது, எது உண்மையில் உதவுகிறது என்று வகுப்பில் ஒரு பாடத்தைப் படிப்பது போலப் படித்துப் பார்ப்போம்.

கையின் எடை எவ்வளவு?

நெம்புகோல் நடத்தும்போது சீசாவையும் பாக்குவெட்டியையும் காட்டுகிறோம். அதைவிடப் பக்கத்தில் ஒன்று இருக்கிறது: நம் தோள்மூட்டு.

ஒரு மனிதரின் ஒரு கை, அவருடைய உடல் எடையில் ஏறக்குறைய 5 விழுக்காடு இருக்கும். 60 கிலோ எடையுள்ள ஆசிரியைக்குக் கை 3 கிலோ. கையை நேராகப் பக்கவாட்டில் நீட்டினால் அதன் எடை மையம் மூட்டிலிருந்து சுமார் 30 சென்டிமீட்டர் தள்ளி விழுகிறது. அதைத் தூக்கிப் பிடிக்கும் தசைகளோ மூட்டுக்கு மிக அருகில், ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் தூரத்தில்தான் இழுக்கின்றன. இப்போது சமன்பாட்டைப் போடுங்கள். 3 × 30 = 90. அதை 3ஆல் வகுத்தால் 30. வெறுங்கையை நீட்டிப் பிடிக்கவே தசைகள் 30 கிலோ எடைக்கு ஈடான விசையைச் செலுத்த வேண்டியிருக்கிறது. சாக்பீஸின் எடை இங்கே ஒரு பொருட்டே இல்லை.

முழங்கையை மடக்கினால் எடை மையம் உள்ளே வந்துவிடும். 15 சென்டிமீட்டருக்கு வந்தால் விசை பாதியாகிறது. பலகைக்கு ஒரு முழம் நெருங்கி நின்று, முழங்கையை மடக்கி, கண் மட்டத்துக்குக் கீழே எழுதினால் தோளுக்கு என்ன மிச்சம் என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. பலகையின் மேல் கால்பகுதியைக் காலையில் உயரமான ஒரு மாணவரிடம் கொடுத்துவிடலாம். தேதி, கிழமை, திருக்குறளை அவர் எழுதட்டும். மற்றதை நாம் கீழ்ப்பகுதியில் எழுதுவோம். பின்வரிசைக்குத் தெரியாது என்றால் எழுத்தைப் பெரிதாக்கலாம், அடிக்கடி அழிக்கலாம். அழிப்பதையும் பிள்ளைகள் செய்வார்கள், சண்டை போட்டுக்கொண்டு செய்வார்கள்.

தங்கிவிட்ட வலி

அடிபட்ட இடம் ஆறுவதற்குச் சில வாரங்கள் ஆகும். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அதை நாள்பட்ட வலி என்கிறார்கள். இரண்டும் ஒரே வலி நீண்டுபோனது என்று நினைத்துவிடுகிறோம். அப்படி அல்ல.

மலையடிவாரத் தோட்டங்களில் பரண் கட்டிக் காவல் இருப்பவரை நினைத்துப் பாருங்கள். ஒரு நாள் காட்டுப்பன்றி உள்ளே புகுந்து கொடியை நாசம் செய்துவிட்டது. அடுத்த நாளிலிருந்து சருகு அசைந்தாலே தகரத்தைத் தட்டுவார். பன்றி வந்ததா என்பது வேறு, தகரம் ஒலித்ததா என்பது வேறு. நாள்பட்ட வலியில் நரம்பு மண்டலம் இப்படித்தான் நடந்துகொள்கிறது. சிறிய அசைவையும் பெரிய ஆபத்தாக எடுத்துக்கொண்டு எச்சரிக்கிறது. வலி பொய் என்று இதற்குப் பொருள் இல்லை. தகரச் சத்தம் உண்மைதான். வலியும் நூற்றுக்கு நூறு உண்மைதான். ஆனால் வலி கூடியிருப்பதால் உள்ளே ஏதோ மேலும் கிழிந்திருக்கிறது என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. தூக்கம் கெட்ட வாரத்திலும், தேர்வு வேலையும் கணக்கெடுப்பும் ஒன்றாக வந்து விழுந்த வாரத்திலும் வலி கூடுவது இதனால்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020இல் உலகில் 61.9 கோடிப் பேருக்குக் கீழ்முதுகு வலி இருந்தது. அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இன்ன எலும்பு, இன்ன வட்டு, இன்ன நரம்பு என்று ஒரு காரணத்தைச் சுட்டிக்காட்ட முடிவதில்லை. ‘காரணம் தெரியவில்லை’ என்றதும் நமக்குப் பயம் வருகிறது. வர வேண்டியதில்லை, ஆபத்தான காரணம் எதுவும் இல்லை என்பதைத்தான் பெரும்பாலும் அது குறிக்கிறது.

மிச்சமுள்ள பத்தில் ஒரு பங்கைத் தவறவிடக் கூடாது. முதுகு வலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடில்லாமல் போவது அல்லது வராமல் அடைப்பது, தொடையிடுக்கில் மரத்துப்போவது, கால் வலுவிழந்து பாதம் தொய்வது ஆகியவை அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள். காய்ச்சல், மாலையில் உடல் காய்ந்து வியர்ப்பது, காரணமில்லாமல் எடை குறைவது ஆகியவை இருந்தால் முதுகெலும்புக் காசநோயை நம் நாட்டில் மறக்கவே கூடாது. முன்பு புற்றுநோய் வந்தவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தவர்கள், கீழே விழுந்து அடிபட்டவர்கள் காத்திருக்க வேண்டாம். இடது தோளில் வலி வந்து, நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் சேர்ந்தால் அது தோளின் வேலையாக இல்லாமல் இதயத்தின் வேலையாக இருக்கலாம். 108ஐ அழைக்க வேண்டும். சுளுக்கு எடுப்பவரை அல்ல.

படத்தில் இருப்பதும் உடலில் இருப்பதும்

ஓர் ஆசிரியை என்று வைத்துக்கொள்வோம். வயது நாற்பத்தைந்து. முதுகு வலிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கிறார். ‘வட்டு பிதுக்கம், தேய்மானம்’ என்று அறிக்கை வருகிறது. அன்றிலிருந்து குடம் தூக்குவதில்லை, தரையில் உட்காருவதில்லை, நடப்பதையும் குறைத்துவிடுகிறார். ஆறு மாதத்தில் தசை தளர்ந்து, வலி கூடுகிறது. ‘பார்த்தீர்களா, தேய்மானம் அதிகமாகிவிட்டது’ என்கிறார்.

முதுகு வலி துளியும் இல்லாதவர்களைப் படம் எடுத்துப் பார்த்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. வலியே இல்லாத இருபது வயதுக்காரர்களில் 37 விழுக்காட்டினருக்கும், எண்பது வயதுக்காரர்களில் 96 விழுக்காட்டினருக்கும் வட்டுத் தேய்மானம் படத்தில் தெரிந்தது. தலைமுடி நரைப்பது போலத்தான் இதுவும். ‘ஜவ்வு விலகல்’ என்ற சொல்லே கொஞ்சம் தொல்லை பிடித்தது. வட்டு மேலும் கீழும் உள்ள எலும்புகளோடு இறுகப் பிணைந்த ஒன்று. சோப்பு போல் வழுக்கிப் போவதில்லை. அதன் ஓரம் பிதுங்கலாம். பிதுங்கியது பல பேருக்குச் சில மாதங்களில் தானாகவே சுருங்கியும் விடுகிறது. மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகள் இருந்தாலோ, காலில் இறங்கும் நரம்பு வலி வாரக்கணக்கில் தணியாமல் இருந்தாலோ படம் தேவை. மற்றபடி நம் கைக்காசில் பயத்தை வாங்கி வருவதாகவே முடியும்.

படுப்பதா, நடப்பதா?

இதில் நம்மூர் அறிவுரை ஒன்றே ஒன்றுதான்: ‘பேசாமல் படுங்கள்.’ பின்லாந்தின் ஹெல்சிங்கி மாநகராட்சி ஊழியர்களை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 1995இல் வெளியானது. புதிதாக முதுகு வலி வந்த 186 பேர். ஒரு பிரிவினருக்கு இரண்டு நாள் படுக்கை ஓய்வு, இன்னொரு பிரிவினருக்கு முதுகுப் பயிற்சி, மூன்றாவது பிரிவினருக்கு ‘வலி பொறுக்கும் அளவுக்கு வழக்கமான வேலையைப் பாருங்கள்’ என்ற சொல் மட்டும். விரைவில் தேறியவர்கள் மூன்றாம் பிரிவினர். மிக மெதுவாகத் தேறியவர்கள் படுத்தவர்கள்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் இதை ஒரு பாடமாகவே எடுத்து மக்களுக்கு நடத்தியது. 1997 முதல் தொலைக்காட்சியில் விளம்பரம் போட்டார்கள்: முதுகு வலிக்குப் படுத்துவிடாதீர்கள், நடமாடுங்கள், வேலைக்குப் போங்கள். மக்களின் எண்ணம் மாறியது. மருத்துவர்களின் எண்ணமும் மாறியது. முதுகு வலிக்காக இழப்பீடு கேட்டவர்களின் எண்ணிக்கையும் குறைந்தது. விளம்பரம் இல்லாத பக்கத்து மாநிலத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை. ஒரு கருத்தைச் சரியாகக் கற்பித்தாலே வலியின் சுமை குறைகிறது என்பது ஆசிரியர்களாகிய நாம் கொஞ்சம் பெருமையோடு கேட்க வேண்டிய செய்தி.

நடைக்கும் சான்று உண்டு. அதே ஆஸ்திரேலியாவில் முதுகு வலியிலிருந்து தேறிய 701 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைப் படிப்படியாக நடக்கவைத்தார்கள். ஆறு மாதத்தில் வாரம் ஐந்து நாள், நாளைக்கு அரை மணி நேரம் என்பது இலக்கு. 2024இல் முடிவு வந்தது. நடக்காதவர்களுக்குச் சராசரியாக 112 நாளில் திரும்பி வந்த வலி, நடந்தவர்களுக்கு 208 நாள் கழித்தே வந்தது. அறவே வராமல் போய்விடவில்லை, தள்ளிப்போனது. இதற்குக் காலணி ஒன்றைத் தவிர வேறு செலவில்லை. பேருந்தில் வருகிறவர்கள் ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கலாம். முல்லைப் பெரியாறு ஓடும் ஊர்களில் இருப்பவர்களுக்கு மாலையில் ஆற்றங்கரை இருக்கிறது.

பெல்ட், மாத்திரை, தைலம்

2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. வலியைப் பற்றிய விளக்கக் கல்வி, உடற்பயிற்சி, உடல் பிடித்துவிடுதல், மனத்துக்கான ஆலோசனை ஆகியவற்றைப் பரிந்துரைத்தது. இடுப்பு பெல்ட்டையும், எடை கட்டி இழுக்கும் முறையையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்றது. பீரோவில் இருக்கும் பெல்ட்டைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. நெடுந்தூரப் பயணத்தில் தெம்பாக இருந்தால் கட்டிக்கொள்ளலாம். அதையே தசைக்குப் பதிலாக நம்பியிருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

வலி மாத்திரை விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டும். மருந்துக் கடையில் பெயர் சொல்லி டைக்ளோஃபினாக் வாங்கி, மாதக்கணக்கில் காலையும் மாலையும் போடுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வயிற்றுப் புண், இரத்த அழுத்தம், சிறுநீரகப் பாதிப்பு மூன்றுக்கும் அது வழி. மாடுகளுக்குக் கொடுத்த இதே மருந்து, இறந்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்ததால்தான் 2006இல் இந்தியாவில் அதன் கால்நடைப் பயன்பாடு தடைசெய்யப்பட்டது. மனிதர் கழுகு அல்லர். மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை போடலாம். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் சொந்தமாகப் போடவே கூடாது. பெயர் ஒட்டாத பொட்டலப் பொடிகளும் வேண்டாம். போட்ட அன்றே வலி மாயமாக மறைந்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள்.

நொச்சி இலை ஒத்தடம், உப்பு ஒத்தடம், தைலம் தேய்ப்பது எல்லாம் தாராளமாகச் செய்யலாம். சூடும் தொடுதலும் இறுகிய தசையைத் தளர்த்தும். அந்த அரை மணி இதத்தைப் பயிற்சி செய்யப் பயன்படுத்திக்கொண்டால் ஒத்தடத்தின் பலன் இரட்டிப்பாகும்.

தோள் இறுகுவது ஏன்?

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, தோள்மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கி, கை மெல்ல மெல்ல அசைய மறுக்கும். ஃப்ரோசன் ஷோல்டர் என்று ஊரெல்லாம் சொல்வது இதைத்தான். முதலில் இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, பிறகு வலி குறைந்து இறுக்கம், பிறகு மெதுவாகத் தளர்வு என மூன்று கட்டம். முழுதும் ஓய ஒன்று முதல் மூன்று ஆண்டு வரை ஆகலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு இது வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். தைராய்டுக் கோளாறு உள்ளவர்களுக்கும் வரும். இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய ஆய்வு சொல்கிறது. தங்களுக்கு இருப்பதே தெரியாதவர்களும் அதில் உண்டு. எனவே தோள் இறுகுகிறது என்றால் முதலில் சர்க்கரை அளவைப் பாருங்கள். பின்பக்கம் கொக்கி மாட்ட முடியவில்லை, பேருந்தில் மேல்கம்பியைப் பிடிக்க முடியவில்லை என்பவைதான் தொடக்க அடையாளங்கள்.

வலிக்கிறதே என்று கையைத் தூளி கட்டிப் போட்டால் இறுக்கம் கூடும். வலி கடுமையாக இருக்கும் முதல் கட்டத்தில் முரட்டுத்தனமாக இழுத்தாலும் கூடும். இரண்டுக்கும் நடுவில் மூன்று பயிற்சிகள் போதும்.

நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைக் கிணற்று வாளி போலத் தொங்கவிட்டு, உடலை அசைத்துச் சிறு வட்டமாக ஆடவிடுவது முதலாவது. சுவரைப் பார்த்து நின்று விரல்களால் எறும்பு ஊர்வது போல் மேலே ஏறுவது இரண்டாவது. துண்டை முதுகுக்குப் பின்னால் இரு கையாலும் பிடித்து, நல்ல கையால் மெல்ல மேலே இழுப்பது மூன்றாவது. ஒவ்வொன்றும் பத்து முறை, நாளைக்கு இரண்டு வேளை. விரல் எட்டிய இடத்தில் சுவரில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவையுங்கள். தினமும் பார்த்தால் மாற்றமே இல்லாதது போல இருக்கும். பதினைந்து நாளைக்கு ஒரு கோடு போதும்.

முதுகுக்கு வேறு மூன்று. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை மட்டும் தூக்கிப் பத்து எண்ணுவது. கையும் முழங்காலும் ஊன்றி, வலக்கையையும் இடக்காலையும் நீட்டி, பின் மாற்றிச் செய்வது. எழுந்து நின்று இடுப்பில் கைவைத்துப் பின்பக்கம் ஐந்து முறை வளைவது. கடைசியானதை ஒரு கட்டுத் தேர்வுத்தாள் திருத்தும்போது பத்துத் தாளுக்கு ஒருமுறை செய்யலாம்.

பயிற்சியில் வலித்தால் என்ன செய்வது என்று எல்லோரும் கேட்பார்கள். செய்யும்போது கொஞ்சம் வலித்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டால் அளவு சரி. மறுநாளும் கூடியே இருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்தாதீர்கள். ஆறு வாரத்தில் ஒரு மாற்றமும் இல்லை என்றால் இயன்முறை மருத்துவரைப் பார்க்க வேண்டும். கானாவிலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பெரியகுளம் அரசு மருத்துவமனை ஆகியவற்றில் எலும்பு மருத்துவரையும் பார்க்கலாம்.

நாற்காலி பற்றி ஒரு வார்த்தை

துணிக்கடையில் நாள் முழுதும் நிற்கும் ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டத் திருத்தம் செய்தது. வகுப்பறையிலோ உட்கார்ந்து பாடம் நடத்தும் ஆசிரியரைச் சோம்பேறி என்று பார்க்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. ஆறு பாடவேளையும் நிற்பதும் தவறு, உட்கார்ந்தே இருப்பதும் தவறு. முதுகுக்குப் பிடித்த நிலை எது என்றால், அடுத்து மாறப்போகும் நிலைதான். பள்ளியைப் பார்வையிட வரும் அலுவலர்களும் தலைமை ஆசிரியர்களும் இதைக் கொஞ்சம் மனத்தில் வைத்தால் நல்லது. தரையில் உட்கார்ந்து நடத்தும் வகுப்புகளில் நமக்கு மட்டும் ஒரு குட்டை முக்காலி போட்டுக்கொள்வதில் குற்றம் எதுவும் இல்லை. பிள்ளைகளின் கண் மட்டத்துக்கு அதுவும் பக்கம்தான்.

பிள்ளைகளும் பெற்றோரும்

பள்ளிப்பை மாணவரின் உடல் எடையில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது 2020ஆம் ஆண்டின் பள்ளிப்பைக் கொள்கை. இதை அறிவிப்பாகப் படிப்பதைவிட விழுக்காட்டுக் கணக்காக நடத்தலாம். ஒரு தொங்கு தராசு, ஓர் எடை பார்க்கும் கருவி. ஒவ்வொரு பிள்ளையும் தன் எடையையும் பையின் எடையையும் எழுதட்டும். 32 கிலோ எடையுள்ள பிள்ளையின் பை 4 கிலோ என்றால் எத்தனை விழுக்காடு? 12.5. எதை வீட்டில் வைத்துவிட்டு வரலாம் என்பதை அந்தப் பிள்ளையே சொல்லும். பையை ஒற்றைத் தோளில் தொங்கவிடுவது ஏன் சிரமம் என்பதற்கு மறுபடி நெம்புகோல் கணக்கு.

பெற்றோரின் முதுகு வேறு கதை. விடிவதற்கு முன்பே கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரடியில், தரையை ஒட்டிய சரத்தில் காய்க்கிறது. நாள் முழுதும் குனிந்தோ குத்துக்காலிட்டோதான் பறிக்க வேண்டும். நாள்கூலி வாங்கும் அந்த அம்மாக்களிடம் ‘ஓய்வெடுங்கள்’ என்று சொல்வது கேலி போல ஆகிவிடும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அவர்களோடு பேசக் கிடைக்கும் பத்து நிமிடத்தில் வேறு சில சொல்லலாம். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நின்று பின்னால் வளைவது. ஒரு பெரிய மூட்டையை இரண்டாகப் பிரித்து உடம்போடு ஒட்டிப் பிடிப்பது. வலப்பக்கம் சாய்ந்து பறித்தால் அடுத்த செடியில் இடப்பக்கம். திராட்சைக்குப் போகிறவர்கள் அண்ணாந்தே வெட்டாமல் முடிந்த இடத்தில் உயரப் பலகையில் ஏறி, கொத்தைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவருவது.

மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகளை அவர்களுக்குச் சொல்வது இவை எல்லாவற்றையும்விட முக்கியம். வலி நாள்பட்டு நடமாட முடியாமல் வீட்டில் கிடக்கும் பெரியவர்கள் இருந்தால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருவார். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய இந்தத் திட்டம் மாநிலம் முழுதும் நடக்கிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்தால் போதும். வகுப்பில் ஏதாவது ஒரு பிள்ளை ‘எங்க அப்பத்தாவால எந்திரிக்க முடியல டீச்சர்’ என்று சொன்னால், அந்த வீட்டுக்கு இந்தச் சேதியைச் சேர்க்க வேண்டியது நாம்தான்.